மூணு பொட்டி மூணு நீலம் ஆகாம இருக்க: ஸ்கேல் மாடலுக்கு சொந்தமா கலர் கலக்குறது எப்படி

நம்ம ஊர் ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டி தொழிற்சாலை) நீல கோச் தெரியும்ல, கரு நீல உடம்பு, ஜன்னல் வரிசையில மட்டும் வெளிர் நீலப் பட்டை, அதை ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது 1:87ல, மூணு பொட்டி செஞ்சேன். பொட்டி செய்யறது கூட பெரிய கஷ்டமா தெரியல, அந்த நீலம் வர்றதுக்குள்ள நாலு மாசம் ஓடிப்போச்சு. முதல் பொட்டிக்கு கலக்குனது ரெண்டாவது பொட்டி பாதியில தீந்துபோச்சு, திரும்ப கலக்குனா அது வேற நீலம், மூணாவது அதுக்கும் மேல வேற. ஷெல்ஃப்ல வரிசையா வெச்சா மூணு வேற வேற ரயில்லேந்து கழட்டிட்டு வந்து கோத்த மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் உரிச்சுட்டு மறுபடி அடிச்சேன். நீங்களாவது ஒரே தடவைல முடிங்கன்னுதான் இது. நான் ரயில் பொட்டிய வெச்சு சொல்றேன், நீங்க விமானம், டேங்க், கார் எது செஞ்சாலும் முறை இதேதான்.



1. எந்த பெயின்ட் குடும்பம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கலர் வாங்க ஓடறதுக்கு முன்னாடி இது. ஸ்கேல் மாடல் பெயின்ட்ல பெரிய குடும்பங்கள் அக்ரிலிக், லாக்கர், எனாமல். அக்ரிலிக்குள்ளயே ரெண்டு ஜாதி இருக்கு, இங்கதான் புதுசா வர்றவங்க மாட்டிக்கிறாங்க. டாமியா அக்ரிலிக், மிஸ்டர் ஹாபி அக்வியஸ்ங்கற ரெண்டு பிராண்டும் ஆல்கஹால் சேர்ற வகை, இந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கலக்கலாம், பிரச்சனை வராது. வலேஹோங்கற பிராண்ட் தண்ணி வகை. அதுல ஆல்கஹால் தின்னர் (பெயின்ட்டை நீர்க்க வைக்கற திரவம்) ஊத்துனீங்கன்னா பால் திரிஞ்ச மாதிரி ஆகி ரப்பர் ரப்பரா வரும். நான் ஊத்தினேன். ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் தூவற பேனா மாதிரி கருவி) நாசில்ல, அதாவது அதோட நுனி ஓட்டைல போய் அடைச்சிக்கிட்டு, ஊசியக் கழட்டி ஒரு சாயங்காலம் பூரா குடைஞ்சிட்டு இருந்தேன்.

அதனால குடும்பம் விட்டு குடும்பம் கலக்காதீங்க. ஒரே பிராண்டுல ஆரம்பிங்க. என் சாய்ஸ் டாமியா அக்ரிலிக், காரணம் ஏர்பிரஷ்ல சுலபமா போகும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால்லயே கரைக்கலாம், கழுவலாம். பிரஷ்ஷால மட்டும்தான் அடிக்கப் போறீங்கன்னா வலேஹோ போங்க, டாமியாவ பிரஷ்ல இழுத்தா ரெண்டாவது கோட் அடிக்கும்போது கீழ இருக்கிற கோட்டும் சேந்து வந்துரும்.

டாமியால ஒரு பெரிய பொறி இருக்கு. எக்ஸ், எக்ஸ்எஃப்னு வர்ற அதே நம்பர்ல எனாமலும் இருக்கு. எக்ஸ்எஃப்-8னு தேடினா அக்ரிலிக்கும் வரும், எனாமலும் வரும், லேபிளை முழுசா படிக்காம ஆர்டர் போட்டா தொலைஞ்சோம். தின்னரும் அதே கதை, எக்ஸ்-20ஏ அக்ரிலிக் தின்னர், அந்த கடைசி 'ஏ' இல்லாம வெறும் எக்ஸ்-20னா எனாமல் தின்னர். ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

தின்னர் விலை அதிகம்னு ஹேண்ட் சானிடைசர ஊத்தற ஐடியா வந்தா அத அப்படியே விட்டுருங்க, அதுல கிளிசரின் இருக்கும், பெயின்ட் காயவே காயாது. சுத்தமான 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும், லேப் சாமான் விக்கிற கடைலயும் எலக்ட்ரானிக்ஸ் கடைலயும் கிடைக்குது.

ஃபெவிக்ரில் மாதிரி கிராஃப்ட் பெயின்ட்ல பண்ணலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. கலர் கலக்கிப் பழகறதுக்கு அருமை, செலவு கம்மி. பிரஷ்ல அடிச்சா, கீழ ப்ரைமர் (கலருக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு) இருந்தா, ஓரளவு ஓகே. ஏர்பிரஷ்க்கு வேணாம், என் அனுபவத்துல துகள் பெருசா இருக்கு, 0.3 மில்லிமீட்டர் நாசில் அடிக்கடி அடைக்குது.

2. ரெஃபரன்ஸ் சேருங்க, ஆனா போன் போட்டோவ நம்பாதீங்க

ரெஃபரன்ஸ்னா, நிஜ வண்டியோட கலர் என்னன்னு ஒப்பிட்டுப் பாக்க நாம வெச்சுக்கற ஆதாரம். எந்த வண்டி, எந்த காலம், புதுசா பெயின்ட் அடிச்சு வந்ததா இல்ல வெயில்ல வெளுத்ததா, இதை ஒரு வரில எழுதி வெச்சுக்குங்க. ஏன்னா ஒர்க்‌ஷாப்லேந்து வெளிய வந்த அன்னைக்கு இருக்கற நீலம் வேற, அதே பொட்டி ரெண்டு வருஷம் வெயில்ல ஓடினப்புறம் இருக்கற நீலம் வேற, ரெண்டும் சரியான நீலம்தான். நீங்க எதைக் கலக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியலன்னா ஆயுசுக்கும் கலக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

போன் கேமரா நீலத்தை அதுவா ஒரு நீலமா மாத்திரும். ஒரே பொட்டிய காலைல எடுத்த போட்டோவும் சாயங்காலம் எடுத்ததும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, புரியும். முடிஞ்சா நேர்ல போங்க. சென்னைல இருக்கவங்களுக்கு வில்லிவாக்கம் பக்கம் ஐசிஎஃப் ரயில் மியூசியம் இருக்கு, நிஜ வண்டிகளையே கிட்ட போய் பாக்கலாம். போகும்போது ஒரு வெள்ளை ஏ4 பேப்பர் கொண்டுபோங்க, அதையும் ஃப்ரேம்ல வெச்சு போட்டோ எடுங்க. வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பர் வெள்ளையா தெரியற மாதிரி போட்டோவ அட்ஜஸ்ட் பண்ணா கலர் முக்காவாசி உண்மைக்குப் பக்கத்துல வந்துரும்.

இன்னும் நல்ல வழி ஒண்ணு, பெயின்ட் கடைல இலவசமா குடுக்கற ஷேட் கார்டு. எனாமல் கார்டு ஒண்ணு எடுத்துட்டுப் போய் நிஜப் பொருள் பக்கத்துல நிழல்ல பிடிச்சு, எது கிட்டக்க வருதுன்னு பேனால டிக் போட்டு வந்துருங்க. அப்புறம் வீட்ல உக்காந்து போட்டோவுக்கு மேட்ச் பண்ண வேணாம், அந்த கார்டுக்கு மேட்ச் பண்ணா போதும். கார்டு நாளைக்கும் அதே கலர்லதான் இருக்கும்.

3. வாங்க வேண்டியது, ஆகற செலவு

ஆரம்பத்துல நான் பாத்ததையெல்லாம் வாங்கி பதினெட்டு பாட்டில் சேத்துட்டேன், அதுல பாதி இன்னும் திறக்கல. நீல பொட்டிக்கு தேவைப்பட்டது இவ்ளோதான்: ஃப்ளாட் ப்ளூ எக்ஸ்எஃப்-8, ஃப்ளாட் ஒயிட் எக்ஸ்எஃப்-2, ஃப்ளாட் பிளாக் எக்ஸ்எஃப்-1, ஃப்ளாட் கிரீன் எக்ஸ்எஃப்-5, வெளிர் பட்டைக்கு ஸ்கை ப்ளூ எக்ஸ்-14, கடைசில எல்லாத்துக்கும் மேல அடிக்க நிறமில்லாத பளபளப்பு கோட், கிளியர் எக்ஸ்-22. சின்ன பாட்டில் 10 மில்லி, நான் வாங்கினப்ப ஒண்ணு இருநூத்தம்பது ரூபா பக்கம் வந்துச்சு, கடைக்குக் கடை மாறும், ஸ்டாக் இல்லாதப்ப இன்னும் ஏறும்.

மத்தபடி மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் நாலஞ்சு, பிளாஸ்டிக் டிராப்பர் பத்து, மருந்து மூடி மாதிரி சின்ன கப்பு, காலி கண்ணாடி பாட்டில், வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு பாக்கெட். எல்லாம் சேத்து முந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மொத்தமா ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு ஒதுக்குங்க. ஏர்பிரஷ் கம்ப்ரஸர் இதுல சேத்தி இல்ல.

ஆன்லைன்ல ஆர்டர் போடறவங்களுக்கு ரெண்டு விஷயம். பெயின்ட்டும் தின்னரும் தீப்பிடிக்கற சரக்கு, அதனால நிறைய கடைக்காரங்க தரை வழியாத்தான் அனுப்பறாங்க, ஒரு வாரம் பத்து நாள் கணக்கு வெச்சுக்குங்க. வெளிநாட்டுலேந்து வரவழைச்சா கூரியர்காரங்க கேஒய்சி கேப்பாங்க, கஸ்டம்ஸ் வரியும் விழும். ஒரு தடவை ரெண்டு பாட்டில் பெயின்ட்டுக்காக அடையாள அட்டைய அப்லோட் பண்ணிட்டு, பில்ல காட்டிட்டு, மூணு வாரம் காத்திருந்தேன். வந்த சரக்கு விலைக்கு வரியும் கூரியர் சார்ஜும் கிட்டத்தட்ட சரியா போச்சு. அந்த கலரை இங்கயே அரை மணி நேரத்துல கலந்திருக்கலாம்.

4. எவ்ளோ வேணும்னு முதல்ல கணக்குப் போடுங்க

என் மூணு நீலத்துக்கும் காரணம் இதை நான் விட்டதுதான். நிஜ ஐசிஎஃப் பொட்டி நீளம் கிட்டத்தட்ட 21.3 மீட்டர், 87ஆல வகுத்தா 245 மில்லிமீட்டர் வரும், நம்ம பள்ளிக்கூட 30 சென்டிமீட்டர் ஸ்கேல விட கொஞ்சம் சின்னது. உயரம் 30 மில்லிமீட்டர்னு வெச்சா ரெண்டு பக்கமும் சேத்து 150 சதுர சென்டிமீட்டர்கூட வராது. பாக்க கொஞ்சமாத்தான் இருக்கும், ஆனா மூணு கோட், ஏர்பிரஷ்ல காத்துல பறக்கறது, கப்புல ஒட்டறது, டச்சப், இதெல்லாம் சேத்தா ஒரு பொட்டிக்கு தின்னர் சேக்காத பெயின்ட் 4, 5 மில்லி ஆகுது எனக்கு. மூணு பொட்டின்னா 15. அதுக்கு மேல 5 மில்லி டச்சப்புக்கு. அப்போ 20 மில்லிய ஒரே நாள்ல, ஒரே பாட்டில்ல கலந்துரணும்.

இப்ப கவனிங்க, 20 மில்லி கலவைல முக்காவாசி நீலம்னா 15 மில்லி நீலம் வேணும், சின்ன பாட்டில் ஒண்ணு பத்தாது. ரெண்டா வாங்குங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இது தெரியவந்தா அன்னைக்கு வேலை அவ்ளோதான்.

5. கலக்குற வரிசை

பாட்டிலைத் திறந்ததும் முதல் வேலை, அடிவரைக்கும் குச்சி விட்டு கிளறணும். ஃப்ளாட் பெயின்ட்ல மினுமினுப்ப கொல்ற பொடி அடில போய் உக்காந்திருக்கும், மேல இருக்கறதை மட்டும் எடுத்தீங்கன்னா கலரும் வேற, பளபளப்பும் வேற. குலுக்கினா போதும்னு இருக்காதீங்க. குலுக்க வசதியா இருக்கும்னு சைக்கிள் கடைல பால்ஸ் வாங்கி பாட்டிலுக்குள்ள போட்டேன் ஒரு தடவை, ரெண்டு மாசத்துல அது துருப்பிடிச்சு வெள்ளை பெயின்ட் காவி கட்டிருச்சு. போட்டா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருண்டை இல்ல கண்ணாடி மணி.

முதல்ல சொட்டு கணக்குல சின்ன அளவு கலந்து பாக்கணும். ஒரே டிராப்பரைக் கழுவிக் கழுவி யூஸ் பண்ணுங்க, டிராப்பர் மாறினா சொட்டு சைஸ் மாறும். தின்னர் கலந்த பெயின்ட்டோட சொட்டும் கெட்டி பெயின்ட்டோட சொட்டும் ஒண்ணு இல்ல, அதனால கலர் சேர்ற வரைக்கும் தின்னர் பக்கமே போகாதீங்க.

எது அதிகமோ அது முதல்ல கப்புல. வெளிர் கலருக்கு வெள்ளைல ஆரம்பிச்சு கலரை சொட்டு சொட்டா விடணும், கலர்ல ஆரம்பிச்சு வெள்ளைய ஊத்தினா ஒரு வாளி வெள்ளை போனாலும் வெளுக்காது. கருப்பு இன்னும் மோசம், அரை சொட்டு போதும் மொத்தத்தையும் சாய்க்க. பல்குத்தும் குச்சி நுனில தொட்டு விடுங்க.

எனக்கு கடைசில செட்டானது கரு நீலத்துக்கு நீலம் 12 சொட்டு, வெள்ளை 2, பச்சை 1, கருப்பு 1. ஏன் பச்சைன்னா எக்ஸ்எஃப்-8 என் கண்ணுக்கு கொஞ்சம் ஊதா பக்கம் சாயுது, ரயில் நீலம் அப்படி இல்ல, லேசா பச்சை விட்டதும் சட்டுனு ரயில் ஆயிருச்சு. வெளிர் பட்டைக்கு வெள்ளை 8, ஸ்கை ப்ளூ 3, நாம கலந்த அந்த கரு நீலம் 1. கரு நீலத்துலேந்து ஒரு சொட்டு வெளிர் பட்டை கலவைல போட்டா ரெண்டும் பக்கத்துல நிக்கும்போது அக்கா தங்கச்சி மாதிரி ஒத்துப்போகும். இந்த அளவை அப்படியே காப்பி அடிக்காதீங்க, இதுல ஆரம்பிச்சு உங்க ஷேட் கார்டுக்கு கொண்டுபோங்க.

வேற கலர் கலக்கறவங்களுக்கு நான் அடி வாங்கிக் கத்துக்கிட்டது சிலது. மஞ்சளை கருப்பு போட்டு இருட்டாக்கினா ஆலிவ் பச்சை ஆயிரும், பிரவுன் போடுங்க. ராஜதானி சிவப்பை வெளுக்க வெள்ளை போட்டா ரோஸ் வரும், ஆரஞ்சு போடுங்க. எந்தக் கலரோட பளிச்ச குறைக்கணுமோ அதுக்கு எதிர்க்கலர் ஒரு துளி, சிவப்புக்கு பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு. நாலு பாட்டிலுக்கு மேல ஒரு கலவைல போயிடுச்சுன்னா கொட்டிட்டு முதல்லேந்து ஆரம்பிங்க, அதுக்கு மேல என்ன போட்டாலும் சேறுதான் வரும்.

இன்னொண்ணு, நிஜ வண்டி கலரை அச்சு அசலா கொண்டுவந்து சின்ன மாடல்ல அடிச்சா இருட்டா தெரியும். தூரத்துலேந்து பாக்கற மாதிரி தெரியணும்னா கொஞ்சம் வெளுக்கணும். மாடல் பண்றவங்க சொல்ற பழைய கணக்கு 1/48க்கு 10 சதவீதம் வெள்ளை, 1/72க்கு 15. சட்டம் இல்ல, கண்ணுதான் முடிவு பண்ணணும். நான் 1:87க்கு மேல சொன்ன ரெண்டு சொட்டு வெள்ளையோட நிறுத்திட்டேன், 15 சதவீதம் போட்டப்ப பழைய பிளாஸ்டிக் பக்கெட் மாதிரி இருந்துச்சு.

6. ஸ்பூன்ல அடிச்சு ஒரு நாள் விடுங்க

கப்புல இருக்கற ஈரப் பெயின்ட்டைப் பாத்து "ஆஹா, வந்துருச்சு"ன்னு முடிவு பண்றதுதான் எல்லாரும் பண்ற தப்பு. காஞ்சா மாறும். மேல கிளியர் அடிச்சா இன்னொரு தடவை மாறும், ஃப்ளாட் பெயின்ட் மேல பளபள கிளியர் விழுந்தா நல்லாவே கருக்கும்.

அதனால பிளாஸ்டிக் ஸ்பூன். மாடலுக்கு எந்த ப்ரைமரோ அதே ப்ரைமர் அடிங்க, கிரே ப்ரைமர் மேல நீலம் ஒரு மாதிரி, வெள்ளை மேல வேற மாதிரி, மஞ்சளும் சிவப்பும்னா கேக்கவே வேணாம். மாடலுக்கு எத்தனை கோட்டோ அத்தனை கோட். ஸ்பூனோட பாதிய மாஸ்கிங் டேப்பால மூடி மீதி பாதில கிளியர். பத்திருபது நிமிஷத்துல தொட்டுப் பாக்கலாம், ஆனா மறுநாள் பாருங்க.

எங்க பாக்கறீங்கங்கறதும் முக்கியம். டியூப்லைட்ல ஷேட் கார்டோட ஒட்டி உறவாடின என் முதல் நீலம், காலைல ஜன்னல் பக்கம் வெச்சதும் ஊதா அடிச்சுது. ரெண்டு வேற வேற பெயின்ட் ஒரு லைட்ல ஒண்ணாவும் இன்னொரு லைட்ல வேறயாவும் தெரியும், அது உங்க கண்ணு கோளாறு இல்ல. காலைல பத்து மணி வாக்குல, நேர் வெயில் படாத ஜன்னல், அங்க பாருங்க. அப்புறம் மாடலை எங்க வெக்கப் போறீங்களோ அந்த லைட்லயும் ஒரு தடவை. ரெண்டுலயும் ஒத்துவந்தாதான் பாஸ்.

ஒரு கலர் செட்டாக எனக்கு அஞ்சாறு ஸ்பூன் ஆகுது, அதாவது ஒரு வாரம். ஒரே நாள்ல நாலு விதமா கலந்து நாலு ஸ்பூன் அடிச்சு வெச்சா ரெண்டு மூணு நாள்ல முடிக்கலாம்.

7. நோட்டு போடுங்க

ஸ்பூன் காம்புல மார்க்கர்ல நம்பர். அதே நம்பர் நோட்டுல, பக்கத்துல தேதி, பிராண்ட், பாட்டில் நம்பர், சொட்டு எண்ணிக்கை, ப்ரைமர் கலர், கிளியர் எது. "நீலம் + கொஞ்சம் பச்சை"ன்னு நான் எழுதி வெச்சிருந்த பக்கம் இன்னும் இருக்கு, அந்த 'கொஞ்சம்' எவ்ளோன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

0.01 கிராம் தராசு இருந்தா சொட்டை விட எடை துல்லியம். ஆனா சொட்டுல எழுதின ஃபார்முலாவை அப்படியே கிராமா மாத்தாதீங்க, வெள்ளைல இருக்கற டைட்டானியம் டைஆக்சைடு கனமான சரக்கு, ஒரு சொட்டு வெள்ளையும் ஒரு சொட்டு நீலமும் ஒரே எடை வரணும்னு இல்ல. எதுல ஆரம்பிச்சீங்களோ கடைசி வரைக்கும் அதுவே.

8. மொத்தமா கலந்து அடிக்கறது

ஸ்பூன் பாஸ் ஆனப்புறம் சிரிஞ்சால பெரிய பாட்டில்ல அளந்து கலக்குங்க. எனக்கு 12, 2, 1, 1, மொத்தம் 16 பங்கு, ஒரு பங்குக்கு ஒண்ணேகால் மில்லி, சரியா 20 வந்துருச்சு. கருப்பை மட்டும் முக்காவாசி விட்டுட்டு நிறுத்தி ஒரு ஸ்பூன் அடிச்சுப் பாத்துட்டு மீதிய விடுங்க, போட்ட கருப்பை திரும்ப எடுக்க முடியாது.

தின்னர் தனி கப்புல, அன்னைக்கு அடிக்கற அளவுக்கு மட்டும். ஏர்பிரஷ் கப்புக்குள்ளயே ஊத்திக் கலக்காதீங்க, அடில கலக்காம நிக்கற துளி முதல் ஸ்ப்ரேல போய் மாடல்ல விழும். பாதி பெயின்ட் பாதி தின்னர்னு ஆரம்பிச்சு, பால் மாதிரி கப்பு ஓரத்துல வழிஞ்சா சரி.

ஜன்னலைத் திறந்து வெச்சு, கேஸ் அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்துல இல்லாம அடிங்க. துணி மாஸ்க் ஆவிய தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் இருக்கற ரெஸ்பிரேட்டர் வாங்குங்க. இந்த ஒரு செலவுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மழைக்காலத்துல, முக்கியமா நம்ம கடலோரத்துல நவம்பர் மாசம், லாக்கர் அடிச்சா ஈரம் சேந்து வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிரும், அது கலர் தப்புன்னு நினைச்சு திரும்பக் கலக்க உக்காந்துராதீங்க, வெயில் அடிக்கற நாளுக்குத் தள்ளிப் போடுங்க.

நான் வெளிர் பட்டைய முதல்ல அடிச்சு, ஒரு முழு நாள் விட்டு, டேப் ஒட்டி, அப்புறம் கரு நீலம் அடிச்சேன். ஆறு மணி நேரத்துலயே டேப் ஒட்டினா பிரிக்கும்போது பெயின்ட்டும் கூட வரும், பொறுமை இல்லாம ஒரு பொட்டில அதையும் பாத்தாச்சு.

கார் டச்சப் கடைல ஷேட் காட்டினா 100 மில்லி கலந்து குடுக்கறாங்களே, அது சுலபமில்லையான்னு கேட்டா, சுலபம்தான், மேட்சும் நல்லாவே வருது. ஆனா அந்த தின்னர் காரம் ஜாஸ்தி, வெறும் பாலிஸ்டைரீன் (மாடல் செய்யற பிளாஸ்டிக்) மேல பட்டா பிளாஸ்டிக்கையே தின்னு சொரசொரன்னு ஆக்கிரும். நல்ல ப்ரைமர், அதுக்கு மேல மெல்லிசா தூவின மாதிரி கோட், அப்படித்தான் போகணும். முதல் மாடல்ல வேணாம்.

9. மிச்சத்தை எடுத்து வைக்க

தின்னர் சேக்காத கலவைய சின்ன கண்ணாடி பாட்டில்ல, விளிம்பு வரைக்கும் ரொப்பி வைங்க, உள்ள காத்து எவ்ளோ கம்மியோ அவ்ளோ நாள் தாங்கும். மூடி மரைல ஒட்டியிருக்கற பெயின்ட்டைத் துடைச்சுட்டு மூடுங்க, இல்லன்னா அடுத்த தடவை திறக்க கட்டிங் பிளேயர் தேவைப்படும். தின்னர் சேத்த மிச்சத்தை திரும்ப அந்த பாட்டில்ல ஊத்தாதீங்க, சிங்க்லயும் ஊத்தாதீங்க, பழைய பேப்பர்ல ஊத்திக் காயவெச்சு குப்பைல போடுங்க. பாட்டில் மேல நோட்டு நம்பரை எழுதி, மூடில அதே பெயின்ட்டால ஒரு பொட்டு வைங்க. எங்க வீட்ல ஒரு தடவை இந்த பாட்டில நெயில் பாலிஷ்னு நினைச்சு எடுத்துட்டாங்க, அதுலேந்து மூடில பேரையும் எழுதிடறேன்.